பருப்பு டிரம்

பாத்திரக்கடையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும், தகடு கனமா மெல்லிசா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என் முன்னால் செங்கல்பட்டுக் கடைக்காரர் ராஜாராம் மூன்று கிலோ டப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தால் கோபம் வராதா?

"இன்னாங்க இது, பொம்மைக் கல்யாணத்துக்கா? பெரிய டிரம்மு எடுங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் ஸ்டான்லி கம்பெனி கார் ஓட்டுகிறவர். காலையிலிருந்தே கண்ணாடி பாட்டில் வாங்கலாம் என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியுமாம். எதிர் ஃபிளாட் கோமளம், ரிட்டயரான டீச்சர், "ரெண்டு பேருக்கு ரெண்டு கிலோ டப்பா போதும் ரெஜினா. தீரத் தீர வாங்கிக்கோ," என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. இருபத்தைந்து கிலோ பிடிக்கிற எவர்சில்வர் டிரம் நான்கு எடுத்தேன். நான்கிலும் என் பேரை வெட்டச் சொன்னேன்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்மே," என்றார் ஸ்டான்லி.

"என் விரலு பெருசுதான். நீ டிரம்ம தூக்கு."

காரணம் இருக்கிறது. படாளத்தில் நான் பிறந்த வீட்டில் சாமான் வைக்க டப்பா கிடையாது. வைக்கச் சாமானும் கிடையாது. என் அம்மா சந்திரம்மா அன்றாடம் கூலி வாங்கிக்கொண்டு, வரும் வழியில் நூறு கிராம் பருப்பைப் பொட்டலமாக வாங்கி வருவாள். அடுப்பில் உலை கொதிக்கும் வரைதான் அதற்கு ஆயுசு. கேளம்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் சமையல்கட்டை ஒட்டிச் சாமான் வைக்கத் தனியாக ஒரு சின்ன அறை இருந்தது. அதைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். புது வீட்டு ஜெபத்துக்கு அம்மாவும் சொந்தக்காரர்களும் வரும்போது முப்பது பேருக்கும் என் டிரம்களிலிருந்தே சமைக்க வேண்டும். கடைக்கு ஒரு நடைகூடப் போகக்கூடாது. அம்மாவிடம் போனிலும் சொல்லிவிட்டேன்.

அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, மிளகாய் என்று நான்கையும் வாய்வரை நிரப்பினேன். ஜெபம்தான் தள்ளிக்கொண்டே போனது. முதலில் பாஸ்டருக்கு நாள் ஒத்து வரவில்லை, பிறகு அம்மாவுக்கு முட்டி வலி. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெபச் சமையலுக்கு முன் தொடக்கூடாது என்று அதுவரை ஒரு மூடியையும் நான் திறக்கவில்லை.

ஜெபத்தன்று காலை ஆறரை மணிக்குப் பருப்பு டிரம்மைத் திறந்தேன். மூடிக்கு உள்பக்கம் கறுப்பாக ஊர்ந்தது. கையை விட்டு அள்ளினேன். வண்டு முழங்கை வரை ஏறியது. பருப்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டை.

சத்தியமாக எனக்குத் தெரியாது. பருப்பில் வண்டு வைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அது பிறத்தியார் வீட்டுச் சங்கதி. எங்கள் வீட்டில் வண்டுக்கு அவ்வளவு அவகாசம் நாங்கள் கொடுத்ததே இல்லை. கடல் காற்று வீசுகிற ஊரில், வெயில் காட்டாமல், மூட்டையிலிருந்து அப்படியே கொட்டி மூடியிருக்கிறேன்.

ஸ்டான்லி கார் சாவியை எடுத்தார். "அஞ்சு கிலோ வாங்கியாந்துடறேன். யாருக்கும் தெரியாது."

"சாவிய கீழ வை," என்றேன். கடைக்கு ஓடி வாங்கிய பருப்பை அம்மா தட்டில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

டிரம்மை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வேட்டி, போர்வை எல்லாவற்றிலும் பருப்பைப் பரப்பினோம். கோமளம் இரண்டு முறத்தோடு வந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்காகவே அவர் நூறு வருஷம் இருக்கட்டும்.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. அம்மா முட்டி வலியோடு மூன்று மாடியும் ஏறி மேலே வந்துவிட்டாள்.

"இன்னாடி இது?"

"வண்டு வச்சிடிச்சிம்மா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா மாடியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள். "அத்தினியும் உன்துதா?"

"நம்பளுதுதான்."

முறத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு தட்டு தட்டினாள். வண்டும் தூசியும் ஓரத்துக்கு வந்துவிட்டன. பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, கீழே நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"அடியே, ஓடியாங்கடி! நாப்பது வருசம் ஊரான் வூட்டுப் பருப்பத்தான் பொடச்சிகினு இருந்தேன். இப்போ எம் பொண்ணு வூட்டுல வண்டு வைக்கிற அளவுக்குப் பருப்பு கீதுடி!"

தெருவே நிமிர்ந்து பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை. பத்துப் பெண்கள் புடைத்துப் பொறுக்கினார்கள். சாம்பார் இரண்டரை மணிக்குத்தான் இறங்கியது. பாஸ்டர் ஜெபத்தை நீட்டிச் சமாளித்தார். கடைக்கு யாரும் போகவில்லை.

அடுத்த வாரம் ராஜாராம் கடைக்குத் திரும்பப் போய் அதே மூன்று கிலோ டப்பாக்களில் ஏழு வாங்கினேன். அவர் சிரித்தார், சிரிக்கட்டும். ஆறு எனக்கு. ஏழாவதில் 'சந்திரம்மா' என்று பேர் வெட்டி, வெயிலில் காயவைத்த பருப்பை நிரப்பிப் படாளத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பருப்பு தீந்துடிச்சாம்மா? இன்னும் அனுப்பட்டா?" என்று கேட்டேன்.

"எங்க தீர்றது? பாதிக்கு மேல கீது," என்றாள். "தெனமும் தொறந்து பாக்கறேன். ஒரு வண்டுகூட இன்னும் வரலடி."