ரெண்டுல வச்ச சத்தம்

"எட்டுல வச்சா நீங்க பட்டாசே கொளுத்துனாலும் தெரியாது அத்த. ரெண்டுல வைக்கிறப்பதான் வில்லங்கம்" என்றான் சுதாகரன், மருதாயியின் வாசலில் நின்றபடி.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயத்து அறைகளில், பக்கத்துக் காம்பராக்காரன். கொழும்பில் ஒரு இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். கிட்டாரின் ஒலிபெருக்கியான தன் ஆம்ப் பெட்டியின் சத்தத்தை எட்டு, ஐந்து, இரண்டு என்று மூன்று அளவில் பதிந்து அனுப்ப வேண்டியிருந்தது. எட்டும் ஐந்தும் முடிந்துவிட்டன. ஆம்பைக் குறைத்தால் மைக்கைக் கூட்ட வேண்டும். கூட்டினால், கூரைவரை எட்டாத நடுச்சுவரைத் தாண்டி மருதாயியின் புருஷன் பழனியாண்டியின் இருமல் வந்து விழுகிறது. தகரத்தில் மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.

"நாலு நிமிசம் அத்த. மாமா இருமாம பாத்துக்கிட்டா போதும்."

"நீ போய் வாசி. நான் பாத்துக்கிறேன்."

குருவிட்ட ஊர்ப் பக்கத்து ரப்பர் பெக்டரியில் முப்பது வருஷம் உருளை மெஷினடியில் நின்று பழனியாண்டிக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. அதிலிருந்து மருதாயிக்கு ஒரு பழக்கம். முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, பிள்ளையைக் கொஞ்சுகிற குரலில், வாயில் வந்த வசவையெல்லாம் அவரிடம் சொல்வாள். அவரும் சிரித்து, 'சரி சரி' என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டுவார். "ஹரி ஹரி, புள்ள." அதைப் பார்ப்பதற்காகவே குழாயடிப் பெண்கள் ஒரு நடை வந்து போவார்கள். "இன்னைக்கு அண்ணனுக்கு என்னக்கா அர்ச்சன?" என்று விஜயகலா தூண்டிவிடுவாள்.

கிட்டார் மெல்ல முனகத் தொடங்கியது. பழனியாண்டியின் நெஞ்சு ஏறி இறங்கியது. மருதாயி துண்டை நான்காக மடித்து அவர் வாயில் அழுத்தினாள். கண்கள் பிதுங்கின. அவள் குனிந்து சிரித்தாள்.

"இன்னும் எதுக்குய்யா மூச்ச இழுத்துக்கிட்டுக் கெடக்குற, என் ராசா? ஒரு நாளைக்கு இந்தத் துண்ட எடுக்காமலே வுட்டுர்றேன். ரெண்டு பேருக்கும் விடிஞ்சிரும்."

கிட்டார் ஓய்ந்ததும் துண்டை எடுத்தாள். மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார். "ஹரி ஹரி, புள்ள."

சுதாகரன் லெப்டொப்பும் ஹெட்போனுமாக ஓடி வந்தான். "ஒரே வாசிப்புல முடிஞ்சிருச்சு அத்த! நானே இன்னும் கேக்கல. மொதல்ல மாமா கேக்கட்டும்."

எட்டைப் போட்டான். பழனியாண்டி திடுக்கிட்டார். பிறகு வலது கால் தானாகத் தரையைத் தட்டியது. "கேக்குது! மருதாயி, எனக்குக் கேக்குதுடி!" கண்ணில் நீர் வழிந்தது.

"இப்ப ரெண்டு. மெல்லிசுதான், முழுசாக் கூட்டி வுடுறேன்."

இருமலைப் பிடிக்கிற மைக் தன் குரலையும் பிடித்திருக்கும் என்று அப்போதுதான் மருதாயிக்கு உறைத்தது. "போதும்டா, சோறு ஆறுது" என்று ஹெட்போனைப் பிடுங்கப் போனாள். பழனியாண்டி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"எப்பிடி மாமா? நல்லா இருக்கா?" என்று சுதாகரன் சைகையில் கேட்டான்.

பழனியாண்டி நிமிர்ந்து மருதாயியைப் பார்த்தார். அவள் முகம் பழக்கத்தில் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"ஹரி ஹரி, புள்ள."

ஹெட்போனைக் கழற்றாமலே கையை நீட்டி, அவள் தோளில் கிடந்த ஈரத் துண்டை உருவினார். அவள் மடித்ததைப் போலவே நான்காக மடித்து, தன் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.