திங்கட்கிழமைத் திரை

சியாங்மாய் நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. அங்கே கண் பிரிவில் டோக்கன் கொடுக்கும் ஜிண்டா மேல் லமைக்குச் சந்தேகம் விழுந்து இரண்டு மாதமாகிறது. விழாமல் என்ன செய்யும்? கணவன் புன்மாவுக்குக் கண்ணில் ஊசி போடுவது மாதத்தின் முதல் திங்கள் மட்டும்தான். இரண்டு மாதமாக அவர் எண் வரவே இல்லை. கேட்டால், "நம்பர் போட்டாச்சு, நீங்கதான் வரல. டாக்டர் போயிட்டார்" என்று பதில். ஊசி தவறினால் கண் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அதற்குச் சற்று முன்புதான் எண் காட்டும் புதுத் திரை ஒன்று மாட்டியிருந்தார்கள். வேண்டியவர்களை உள்ளே தள்ளிவிட்டு நம் தலையில் மிளகாய் அரைக்கிறாள் கள்ளி என்று லமை முடிவே கட்டிவிட்டாள். இந்தத் திங்கள் திரைப் பக்கமே திரும்பவில்லை. ஜிண்டாவின் விரலையே பார்த்துக்கொண்டு கவுண்டரை ஒட்டி நின்றாள்.

நாற்பதாம் எண்காரர் உள்ளே போனார். அடுத்துப் போனது நாற்பத்திரண்டு.

"நாப்பத்தொண்ணு எங்கடி? எம் புருஷன் குருடாகட்டும்னு காத்திருக்கியா?"

"போட்டாச்சு பெரியம்மா! அஞ்சு நிமிஷம் நின்னுச்சு, யாரும் வரல. டீக்கடைல உக்காந்துட்டு எங்கமேல பழி போடறீங்க. அதோ, கீழ் வரிசைல இன்னும் இருக்கு பாருங்க!"

லமை திரும்பினாள். மஞ்சள் திரை. வெறும் மஞ்சள். கிட்டே போய் அண்ணாந்து பார்த்த பிறகுதான் வெள்ளையில் 41 மங்கலாகத் தெரிந்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சு வெச்சிருக்கியே!"

ஜிண்டாவும் எழுந்து வந்து பார்த்தாள். திங்களுக்கு மஞ்சள், புதனுக்குப் பச்சை என்று பிறந்ததிலிருந்து கிழமைக்கேற்ற நிறம் உடுத்திப் பழகிய ஊர். அவள் போட்டிருந்ததும் மஞ்சள் சட்டைதான். "திரைக்கும் நாளுக்கொரு நிறம் வெச்சோம். எழுத்து மட்டும் ஏழு நாளும் வெள்ளை. புதன்கிழமை திறந்து வெச்சப்ப எல்லாரும் கை தட்டினோமே..."

"இத்தனை பேர்ல ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

பெஞ்சிலிருந்த ஒரு கிழவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நம்ம கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சோம்மா."

ஜிண்டா ஓடிப்போய் எழுத்தைக் கறுப்பாக்கி, விட்டுப்போன எண்களை மறுபடி போட்டாள். உடனே ஒன்பது பேர் எழுந்து நின்றார்கள். லமை ஜிண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதமாக அந்தப் பெண்ணைத் திட்டினோமே ஒழிய, திரையில் எண் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னோமா?

ஊசி போட்ட டாக்டர் வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். இடது கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, இரண்டு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்த புன்மாவுக்கு வலது கண்ணில் கட்டு. எல்லோரும் திரையைப் பார்த்துப் பேசுவது கேட்டு அவரும் முகத்தைத் தூக்கினார்.

"இப்ப நல்லாத் தெரியுதாமே. என்ன நம்பர் ஓடுது, சொல்லேன்."