அக்காவுக்காகச் சொன்ன பதில்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வாசலில் கால் வைத்தவரை ஃபிரேம் வாங்காமல் அனுப்பமாட்டான். பலகைத் தடுப்புக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் அக்கா அவனுக்கு நேர் எதிர். அவள் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசினால் மழை வரும் என்று கடையில் கேலி.

போன வாரம் முதலாளி ரேடியோவைக் கேட்டார்.

"புதுக் கிளையை அக்காகிட்ட விடலாமா?"

"நல்லா கேட்டீங்க சார். நாலு பேர் சேர்ந்து வந்தாலே மேசைக்கு அடியில போயிடுவாங்க. அவங்களுக்கு அதெல்லாம் ஆகாது. விடுங்க, பாவம்."

முதலாளி சிரித்தார். மூன்றாம் நாள் கிளைச் சாவி ரேடியோவின் கைக்கு வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. ஆறு வருடம் பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரியாதா என்ன?

இன்று புதுக் கிளையை அளக்க டேப் தேடி அக்காவின் இழுப்பறையைத் திறந்தான். நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தால், அதே கிளையின் வரைபடம். நாற்காலி எங்கே, எழுத்துப் பலகை எத்தனை அடி தள்ளி, எந்த ஜன்னலுக்குத் திரை. ஓரத்தில் பொடி எழுத்தில், விடுமுறை நாட்களில் அந்தத் தெருவில் நின்று பார்த்த குறிப்பு: பள்ளி விடும் நேரம், ஆலை ஷிப்ட் மாறும் நேரம். தேதி, இரண்டு மாதத்துக்கு முன்.

டேப்பை மறந்து, தாளோடு தடுப்பின் ஓரம் போய் நின்றான்.

தடுப்புக்குள் அக்கா ஒரு லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு முன் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தாள். "இதுவா, அதுவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவர் யோசித்தார். ரேடியோவாக இருந்தால் இதற்குள் மூன்று பதில் எடுத்துக் கொடுத்திருப்பான். அக்கா அசையவில்லை.

"முதல்ல வச்சதும்மா," என்றார் ஓட்டுநர் கடைசியில். "அதுதான் தெளிவு."

அவர் போனதும் ரேடியோ தாளை நீட்டினான்.

"அக்கா, நீங்க ஆசைப்பட்டது எனக்குத் தெரியாது. முதலாளி கேட்டப்ப நான் பாட்டுக்கு..."

"கேட்டுச்சு. நடுவுல பலகைதானே."

"அப்பவே வெளிய வந்து சொல்லியிருக்கலாமே?"

"ஒருத்தர் கண்ணுல மருந்து விட்டு உக்கார வச்சிருந்தேன். எப்படி வர்றது?"

"அப்புறமாவது?"

"அப்புறம் நீ சாவி கிடைச்சதுக்கு இனிப்பு கொண்டுவந்து நீட்டின."

அந்த இனிப்பை அவள் முழுதாகத் தின்றதும், காகிதத்தை மடித்துக் குப்பையில் போட்டதும் அவனுக்கு நினைவு வந்தது. அவன் அன்றைக்கும் பேசிக்கொண்டேதான் இருந்தான்.

"வாங்கக்கா," என்றான்.

முதலாளியின் மேசையில் சாவியை வைத்தான். "அன்னைக்கு இவங்களுக்குப் பதிலா நான் சொன்னது தப்பு சார். இவங்களையே கேளுங்க."

முதலாளி கேட்டார். அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வழக்கம்போல முதலாளியின் பார்வை ரேடியோவிடம் வந்தது.

"என்னப்பா சொல்றாங்க?"

நாக்கு நுனிவரை வந்த பத்து வாக்கியங்களையும் அவன் பல்லால் கடித்துப் பிடித்தான். சாவி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

அக்கா அதைச் சற்று நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் தாளை விரித்தாள்.

"முதல்ல அந்த மேற்கு ஜன்னல் சார்," என்று தொடங்கினாள்.