அடுத்த அறை

“ஏனுங்க சார், என்னையத் தெரியுதுங்களா?”

தனபால் நிமிர்ந்து பார்த்தார். திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில், சேர்க்கை நடக்கும் நாட்களில் உட்கார்ந்து, யாருக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்வது ஓய்வுக்குப் பிறகு அவர் ஒப்புக்கொண்ட வேலை. அதற்கு முன் முப்பது வருடம் சேலத்தில் உளவியல் பேராசிரியர். மனிதருக்கு வரும் உணர்ச்சிகள்தான் அவருடைய ஆராய்ச்சி. முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவார் என்று பேர்.

எதிரில் நின்றவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மகள்.

“தெரியலையேம்மா.”

“பூபதிங்க. சேலத்துல உங்ககிட்ட டெஸ்ட்டு எழுதுனேனுங்க. இப்பப் பள்ளிபாளையத்துல தறி ஓட்டறேன். இவ எம்பொண்ணு, தமிழினி.”

அவருக்கு ஞாபகம் வந்தது பெயரல்ல, எண். நாற்பத்தொன்று.

“படிச்சே தீருவேன்னு நிக்கறாளுங்க. ஃபாரம் எல்லாம் எழுதியாச்சு, நாந்தான் கையெழுத்துப் போடலீங்க. எனக்கு வெச்ச டெஸ்ட்ட இவளுக்கும் வெச்சுப் பாருங்க. ஆகாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுங்க, எனக்குச் சொன்னாப்பல. நாளைக்கே தறிக்குக் கூட்டிட்டுப் போயர்றேன்.”

“ஸ்கூல்ல நான் ரெண்டாவது மார்க்கு சார்,” என்றாள் தமிழினி.

“நான் மொத மார்க்குடி. என்னாச்சு? மார்க்கு வேற, மண்டை வேற. சார் அன்னிக்கே சொல்லிட்டாரு.”

அது டெஸ்ட்டே இல்லை. ஏமாற்றம் வரும்போது முகம் என்ன ஆகிறது என்று பார்க்க இருபத்தாறு வருடத்துக்கு முன் அவர் போட்ட நாடகம். அறுபது மாணவர்களிடம் புதிர்த்தாளைக் கொடுத்தார். யார் என்ன எழுதினாலும் சரி, ‘உனக்கு மேல்படிப்பு ஏறாது’ என்று ஒரே வாக்கியத்தை எல்லோரிடமும் சொன்னார். மூலையில் கேமரா ஓடியது. பிறகு அடுத்த அறையில் உட்காரவைத்து, ‘அத்தனையும் பொய், மனசில் வைத்துக்கொள்ளாதே’ என்று தேற்றி அனுப்ப வேண்டும். ஐம்பத்தொன்பது பேரை அப்படித்தான் அனுப்பினார். நாற்பத்தொன்று மட்டும் அடுத்த அறைக்கு வராமல் நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். திங்கட்கிழமை அவள் கல்லூரிக்கே வரவில்லை. முகவரி பதிவேட்டில் இருந்தது. ஒரு தபால் கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. ஆய்வேட்டில், ‘அறுபது பேருக்கும் உண்மை தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதினார்.

கூத்து அதோடு நிற்கவில்லை. அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததே அவள் முகம்தான். மற்ற முகமெல்லாம் வாட, அவள் மட்டும் சிரித்தாள். ‘இந்தச் சிரிப்பில் வலி இல்லை, ஏமாற்றத்தை அப்போதே உதறிவிடும் மனம் இது’ என்று எழுதி, டெல்லி வரைக்கும் போய் அந்தச் சிரிப்பைத் திரையில் போட்டுக் காட்டினார். கைதட்டினார்கள்.

“என்னங்க சார் யோசனை? வெச்சுப் பாக்கறீங்களா?”

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நாலு கேள்வி கேட்டு, ‘உன் பெண்ணுக்கு நன்றாக ஏறும்’ என்று சொன்னால் போதும். கையெழுத்து விழுந்துவிடும். இன்னொரு பொய், அவ்வளவுதானே? தாளைக் கீழே வைத்தார்.

“பூபதி, அது டெஸ்ட்டு இல்லம்மா.”

“அப்பறம்?”

“பொய். எல்லார்கிட்டயும் அதையேதான் சொன்னேன், மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாக்க. நீ எழுதுன தாளை நான் திருத்தவே இல்ல.”

“எல்லாருத்துகிட்டயுமா?”

“ஆமா. அப்பறம் அடுத்த ரூமுல வெச்சு உண்மையச் சொல்லிருவேன். நீ பஸ்ஸுக்குப் போயிட்ட.”

“எனக்காக எத்தன நேரம் பாத்தீங்க?”

“அஞ்சு நிமிஷம்.”

“அன்னிக்கு பஸ்ஸு முக்கா மணி நேரம் லேட்டுங்க. காலேஜ் கேட்டு முன்னாலதான் நின்னுட்டிருந்தேன்.”

கோபமில்லை, பஸ்ஸைப் பற்றித் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

பூபதி விண்ணப்பத்தை மேஜைமேல் விரித்தாள். “எங்கீங்க போடோணும்?”

விரலால் காட்டினார். முத்து முத்தான எழுத்து. இத்தனை வருடத் தறியிலும் கெடவில்லை. போட்டுவிட்டு நிமிர்ந்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள். டெல்லியில் திரையில் பார்த்த அதே சிரிப்பு.

“வாரேனுங்க சார்.”

கதவுக்கு வெளியே போனதும் மகள் சீறுவது அவருக்கு நன்றாகவே கேட்டது.

“எதுக்கும்மா அந்தாளப் பாத்து இளிச்சுட்டு வர்றே? நாக்கப் புடுங்கறாப்பல நாலு கேள்வி கேக்க வேண்டாமா?”

“மெதுவாப் பேசு சாமி, உள்ள கேக்கப்போவுது. பாவம், மூஞ்சி எப்பிடிச் சுருங்கிப்போச்சு பாத்தியா? அன்னிக்கும் எங்கிட்ட அதச் சொல்றப்ப இப்பிடித்தான் சுருங்கிக் கெடந்துது. நம்மளால அவருக்கு எதுக்குச் சங்கடம்னு, அன்னிக்கும் சிரிச்சுவெச்சேன்.”

“அப்ப உனக்கு வலிக்கவே இல்லையா?”

“வலிக்காம? பஸ்ஸு வர்ற வரைக்கும் அழுதுட்டுத்தான் நின்னேன்.”