எர்லிண்டா தன் கையால் வைத்த அட்டை

வேரோனிக்காவுக்குத் தலை விறைத்துவிட்டது. ஸ்காபரோப் பள்ளிக்கூட மண்டபத்தில் படம் முடிந்து பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. பக்கத்துக் கதிரையில் எர்லிண்டா, தான் கூட்டிவந்த பிலிப்பினோச் சிநேகிதிகளுக்குத் திரையைக் காட்டி, "அதோ, என் பெயர்!" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். திரையில் கிடந்ததோ, 'படத்தொகுப்பு: சீமோன்'.

சீமோன் வேரோனிக்காவின் பெரியப்பா மகன். கனடாவில் தமிழ்ப் படம் எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் முழங்கித் திரிந்தவர். எர்லிண்டா மணிலாவில் பதினெட்டு வருஷம் படம் வெட்டித் தொகுத்தவள். அவள் வெட்டிய முதல் படத்திலே அவள் பெயருக்குப் பதிலாக இயக்குநரின் மருமகன் பெயரைப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து திரையில் வரும் தன் பெயர் அட்டையைத் தானேதான் வைப்பாள், வேறொருவரையும் தொடவிடமாட்டாள். ரொறன்ரோவுக்குப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்து, பிறகு வோபர்னில் ஒரு தமிழ் வீடியோக் கடையில் கலியாண வீடியோ வெட்டினாள். அதில் எதைத்தான் வெட்டுவது? ஒரு மாமியின் தலை குறைந்தால் போதும், குடும்பமே பிரிந்துவிடும். அந்தக் கடையில்தான் சீமோன் தன் படத்தை வெட்ட அவளைக் கண்டுபிடித்தார்.

குளிர்காலம் முழுக்க வேரோனிக்கா, தமிழ் தெரியாத அவளருகில் இருந்து வசனங்களை ஆங்கிலத்தில் சொன்னாள். விமான நிலையக் காட்சியில் தாய்க்குச் சீமோன் ஒரு பக்க வசனம் எழுதியிருந்தார். எர்லிண்டா அவ்வளவையும் தூக்கி எறிந்துவிட்டு, தாய் மகனின் கோட்டுக்குப் பொத்தான் பூட்டும் கையை மட்டும் விட்டுவைத்தாள். இன்றைக்கு மண்டபமே விம்மியது அந்த இடத்தில்தான்.

கடைசியில் சீமோன் தமிழில் அச்சடித்த பெயர் அட்டைகளைக் கொண்டுவந்தார். அன்று வேரோனிக்கா வேலைக்குப் போயிருந்தாள். "இது உன்னுடையது" என்று ஓர் அட்டையைக் காட்டினாராம். எர்லிண்டா நம்பித் தன் கையாலேயே அதை வைத்தாள்.

பொன்னாடையோடு மேடையால் இறங்கிய சீமோனை வேரோனிக்கா மறித்தாள்.

"அண்ணை, உது என்ன வேலை? படத்தை வெட்டினது ஆர்?"

"மெதுவாக் கதை பிள்ளை. இது எங்கட சனத்தின்ர படம். ஒரு பிலிப்பினோக்காரி வெட்டினவ எண்டால் உவங்கள் என்ன கதைப்பாங்கள்? அவவுக்கு வாசிக்கத் தெரியாதுதானே. சந்தோசமாத்தானே நிக்கிறா."

"சோத்துக்குள்ள பூசணிக்காயை மறைக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். அந்தச் சோத்தை அவவைக் கொண்டே பிசைவிச்சது நீங்கள்தான். வெக்கமில்லையோ?"

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, படம்பிடிக்கக் கூப்பிட்டவர்களிடம் போய்விட்டார். சீ, என்ன மனிசன்!

வெளியே கார் நிறுத்துமிடத்தில் வேரோனிக்கா உண்மையைச் சொன்னாள். எர்லிண்டா அழவில்லை. "மற்ற எல்லா அட்டையையும் விட அதைத்தான் நீளமாக நிறுத்தினேன்" என்றாள்.

நல்லவேளை, பிரதி எடுப்பதற்காக மூல நாடா எர்லிண்டாவிடமே இருந்தது. வேரோனிக்கா கறுத்த மார்க்கரால் எர்லிண்டாவின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்க, பழைய அட்டை இருந்த இடத்தில் எர்லிண்டா புதியதை வைத்தாள். அதே நீளம், ஒரு துளியும் குறைக்கவில்லை.

படத்தின் அடுத்த திரையிடல் மல்வேர்ன் பகுதியில். அந்த அட்டை வந்ததும் முன்வரிசையில் சீமோன் துள்ளி எழும்பினார். சனத்துக்கு முன்னால் என்ன சொல்வது? திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தார். வேரோனிக்கா பெருமையோடு எர்லிண்டா பக்கம் திரும்பினாள்.

எர்லிண்டா அவளைப் பார்க்கவேயில்லை. மற்றப் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, "ஐயா, அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"படத்தொகுப்பு, எர்லிண்டா" என்று அவர் வாசித்துச் சொன்னார். "ஏன், உங்களுக்குத் தெரிந்தவவோ?"

வேரோனிக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் என்னை மட்டும் எதற்கு நம்பவேண்டும் என்று நினைத்தாள். அந்த வலிக்கும் சேர்த்து வேரோனிக்கா சீமோனின் பிடரியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.