அழிக்கச் சொன்ன கடிதங்கள்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கக் கொட்டோடு எல்லாரும் தெருமுனைக் குழாய்க்குப் போன நேரம் பார்த்து, கனகலட்சுமி பின்வாசல் வழியாக நழுவி ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தாள். வீட்டில் தம்பி அசோக்குமார் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தான். முப்பத்திரண்டு வயது. கிட்னி.

"எழவு வீட்டுலருந்து நேரா வாரீகளாக்கா? இன்னும் போணியே ஆகல," என்றான் கடைக்காரன்.

"பேசாம ஒரு மிசினத் தொறந்து விடு."

போன மாதம் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் ஈமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் எழுதித் தம்பிதான் கொடுத்தான். "நான் போயிட்டா மொதல்ல இத அழிச்சிருக்கா. மீனா கண்ணுல பட்டுறக் கூடாது."

அவன் பயம் மனைவியைப் பற்றி. இவள் பயம் தன்னைப் பற்றி. தம்பி கல்யாணத்துக்கு ஏழு மாதம் முன்பே டாக்டர் சொல்லியிருந்தார், இரண்டு கிட்னியும் பாதிதான் வேலை செய்கின்றன என்று. பெண் வீட்டில் சொல்லிவிடலாமா என்று அவன் மெயிலில் கேட்டபோதெல்லாம், வாயைத் திறக்காதே என்று கோயம்புத்தூரிலிருந்து பதில் போட்டவள் கனகலட்சுமி. இன்று காலை டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த மீனாவின் அண்ணன் மலையாண்டி, மாலையைக்கூடப் போடாமல் கேட்டதும் அதைத்தான்: "இந்த நோவு எப்பருந்து? கட்டிக் குடுக்கும்போதே இருந்துச்சா?" எங்களுக்கே ஆறு மாசமாகத்தான் தெரியும் என்று ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். செத்தவன் மேல் செய்த சத்தியம்தானே, இனி அவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது!

பாஸ்வேர்டைத் தட்டினாள். தப்பு என்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். மறுபடியும் தப்பு.

கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "யாரோ மாத்திட்டாக போலக்கா."

"யாரு மாத்துவா? அவன் பொண்டாட்டியா? அவளுக்கு மவுசப் பிடிக்கவே தெரியாது."

மூன்றாம் முறையும் திறக்கவில்லை. தூரத்தில் கொட்டுச் சத்தம் திரும்பி வருவது கேட்டதும் எழுந்து ஓடினாள்.

வீட்டில் தம்பி மனைவி பாண்டிமீனா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கனகலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்ததும், திரும்பாமலே மெல்லக் கேட்டாள்.

"தொறந்துச்சா மதினி?"

"எதுடி?"

"நேத்துக் காலையிலேயே மாத்திட்டேன். அவுகதான் குடுத்தாக. 'ஒங்கிட்டச் சொல்லாமப் போனா என் கட்ட வேகாது'ன்னாக. மவுசு பிடிக்கவும் அவுகதான் சொல்லிக் குடுத்தாக, ரெண்டு வருசத்துக்கு முந்தியே."

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று கனகலட்சுமிக்கு வயிறு எரிந்தது. தூக்கி வளர்த்த தம்பி. கடைசியில் நேற்று வந்தவளிடம் போய்க் கொடுத்துவிட்டான். காலையிலிருந்து ஊருக்காக அழுதவளுக்கு இப்போதுதான் நிஜமாகவே கண் கலங்கியது.

"ஒங்கண்ணன்கிட்டச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"என்னதான்டி வேணும் ஒனக்கு?"

"ஒண்ணும் வேணாம். ஒரு லெட்டர்ல எழுதியிருந்தீகள்ல, தாலி ஏறிட்டா அப்புறம் அவ எங்க போகப் போறான்னு?" பாண்டிமீனா இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "எங்கயும் போகல மதினி. இந்த வீட்டுலதான் இருப்பேன்."

அத்தை சோலையம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதட்டினாள். "அக்காளும் பொண்டாட்டியும் என்னடி குசுகுசுன்னு? கட்டிப் பிடிச்சு அழுங்கடி, ஊரே பாக்குது!"

பாண்டிமீனா கையை நீட்டிக் கனகலட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிடி இறுகியது. அந்தத் தோளுக்கு மேலாகப் பார்த்தாள் கனகலட்சுமி. பிறந்த வீட்டு முறையாகத் தங்கைக்குப் போர்த்த வாங்கிய கோடிச் சேலையோடு மலையாண்டி வாசற்படி ஏறிக்கொண்டிருந்தான்.