வளைய லென்ஸின் மறுபக்கம்

சுலைமான் மலையில் வெளிச்சம் படுமுன்பே, ஓஷ் நகரத்து அந்தத் தனியார் கண் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் நீராவிக் கலன் சீறத் தொடங்கிவிடும். செவிலி சல்தனத் சூடான கருவித் தட்டுகளை இறக்கி இறக்கி முழங்கைவரை சிவந்திருந்தாள். விழித்திரை டாக்டர் புருலை கைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் முன்பக்க அறுவை அரங்கின் வாசலில்.

அங்கே டாக்டர் அசாமத், கண்புரை நீக்கி லென்ஸ் வைப்பவன். கால் மணி நேரத்து வேலை. மறுநாளே நோயாளிக்கு உலகம் பளிச். புருலைக்கோ இருட்டறையில் இரண்டு மணி நேரம் முதுகு ஒடியும். பிழைத்த பார்வைக்கு நன்றி சொல்ல ஓர் ஈயும் வராது. தனக்குப் பொறாமையே கிடையாது என்பாள். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

"இன்னிக்கு நோயாளிங்க அவனுக்கு என்னடி கொண்டாந்தாங்க?"

"மரியாதைக்குப் போடற வெள்ளைத் தொப்பிக்கா," என்றாள் சல்தனத். "கூடவே குதிரைக்கறி. நீங்க ஏங்கி என்ன, தொப்பி ஆம்பளைங்களுக்குத்தானே!"

"ஏங்குறேனா? வாயை மூடிட்டுத் தட்டை எடு."

புருலையின் அறுவை மேசையில் டோக்டோசுன், சிற்றுந்து ஓட்டுநர், சர்க்கரை நோயாளி. போன வருடம் அவருக்கு அசாமத் வைத்தது வளையம் வளையமாகச் செதுக்கிய விலை கூடிய லென்ஸ். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டுக்கும் அது ஒன்றே போதுமாம். ஆனால் அதன் வழியாக உள்ளே பார்க்கும் புருலைக்கு ஒரு வளையத்தில் தெளிவு, அடுத்ததில் மங்கல். விழித்திரைமேல் படர்ந்த சவ்வு வெங்காயத் தோலைவிட மெல்லியது. இடுக்கியின் நுனி அதைத் தொட்டதா, இன்னும் மேலே நிற்கிறதா? தெரியவில்லை. கிள்ளினாள். சவ்வோடு விழித்திரையும் கிழிந்து ரத்தம் பொங்கியது.

லேசரால் ஓரம் சுட்டு ஒருவழியாக அடைத்தாள். பார்வை நிற்குமா என்பது சந்தேகம்தான்.

முதலாளி மார்லென் கூப்பிட்டனுப்பினார்.

"கை நடுங்கிடுச்சா?"

"இல்ல அண்ணே. அந்த லென்ஸ் வழியா ஆழம் தெரியல. சர்க்கரைக்காரங்களுக்கு அதை வைக்காதீங்கன்னு நான் சொன்னப்ப நீங்க கேட்டீங்களா?"

"அதுதானேம்மா விக்குது. சரி, நாளைக்கு எல்லார் முன்னாலயும் அசாமத் தப்பா வச்சுட்டான்னு சொல்லிடு. அவனை அனுப்பிடறேன். முன் அரங்கு உனக்கு."

புருலை வெளியே வந்தாள். முன் அரங்கும் வாசல் கூட்டமும் பரிசுகளும் மனத்துக்குள் அச்சாகப் பொருந்தின. சும்மா சொல்லக்கூடாது, இனிக்கவும் செய்தன.

தேநீர் அறையில் அசாமத் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, உங்க கை நடுங்குதுன்னு என்னைச் சொல்லச் சொல்றார். சொன்னா உங்க அரங்கும் எனக்காம்."

"உன்மேல தப்புன்னு சொன்னா எனக்கு உன்னோடதாம்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த சல்தனத் கொல்லென்று சிரித்தாள். "எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா? யார் போனாலும் தட்டு கழுவறது நாங்கதான்!"

"உங்கமேல எனக்கு வயித்தெரிச்சல்கா," என்றான் அசாமத். "நீங்க அறுக்கும்போது இந்தச் செவிலிங்க மூச்சுகூட விடமாட்டாங்க. எனக்குக் கொட்டாவி விடறாங்க."

புருலைக்கு அது குதிரைக்கறியைவிட ருசித்தது. "வச்ச லென்ஸை உள்பக்கமா என்னிக்காவது பார்த்தியா தம்பி?"

"எங்க? வச்சதும் அடுத்த ஆள்."

மதியம் அதே லென்ஸோடு இன்னொரு சர்க்கரைக்காரர். அசாமத் நுண்ணோக்கியின் உதவியாளர் குழலில் கண்ணை வைத்தான். புருலை சவ்வைத் தொடாமல் ஓரங்களில் லேசர் மட்டும் வைத்தாள்.

"முன்னாலேருந்து பார்த்தா பூ மாதிரி இருக்கும்," என்று முனகினான். "இங்கே நடுவுல எல்லாம் ரெண்டா கலங்குதே. இதுக்குள்ளயா நீங்க கிள்ளறீங்க?"

மறுநாள் காலை எல்லோரும் கூடினார்கள்.

"யார் தப்பு? சொல்லுங்க," என்றார் முதலாளி.

"சர்க்கரைக்காரங்களுக்கு அந்த லென்ஸை இனிமே வைக்கமாட்டேன்," என்றான் அசாமத்.

"அப்ப உனக்கு வேலையில்ல."

"அப்ப எனக்கும் வேண்டாம்," என்றாள் புருலை. "அவன் கையிலயும் தப்பில்ல, என் கையிலயும் இல்ல. விக்கச் சொன்ன வாயிலதான் தப்பு."

"நீங்க வேற ஆள் கொண்டாந்தாலும் தட்டு வராது, அண்ணே," என்றாள் சல்தனத். பின்னால் செவிலியர் அத்தனை பேரும் நின்றார்கள்.

"பூட்டிடுவேன்!"

"பூட்டுங்க. வாசல்லயே நிக்கிறோம்."

பூட்டினார். நீராவிக் கலன் ஓய்ந்தது. முற்றத்தில் அவர்கள் தோளோடு தோள் நின்றபோது, கட்டுப்போட்ட கண்ணோடு டோக்டோசுன் சூடான ரொட்டியுடன் வந்து, எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டுக் கூடவே நின்றுகொண்டார்.

அசாமத்துக்குக் கிடைத்த துண்டு பெரிது. புருலை பார்க்காத மாதிரி இருந்தாள். அவன் அதைப் பாதியாகப் பிய்த்து நீட்டினான். இரண்டு பாதியையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். வாங்கி, பக்கத்திலிருந்த சல்தனத்திடம் கொடுத்தாள்.